உங்களுக்குத் தெரியுமா? பீடி குடித்தாலும் இ.எஸ்.ஐ. சந்தா மாறாது

அமெரிக்காவில் புகைபிடிக்கும் ஊழியரிடம் காப்பீட்டுச் செலவில் 50 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்க 2014 முதல் சட்டம் இடம் தருகிறது. திண்டுக்கல் நூற்பாலைத் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. சந்தாவோ பழக்கத்தைப் பார்ப்பதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம், அவ்வளவுதான். பீடி குடிப்பவருக்கும் குடிக்காதவருக்கும் ஒரே சந்தா என்பது நியாயமா என்று கேட்கலாம். புகையிலை நுரையீரலைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் பஞ்சுத் தூசியும் கெடுக்கிறது. அதனால் வரும் பிசினோசிஸ் நோயை 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமே தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும்போது பீடிக்கு மட்டும் அபராதம் போட்டால், தூசியைக் குறைக்க வேண்டிய ஆலையின் பொறுப்பு தொழிலாளியின் தலையில் விழும். பீடியை விடச் சொல்லுங்கள், விட உதவுங்கள். அதற்காகச் சம்பளத்தில் கை வைப்பது தவறு.