ஊரில்லாத ஆயர்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

விடுதியில் என் அறைத்தோழன் ஒரு கத்தோலிக்கன். விடுமுறைக்குப் புதுச்சேரியிலுள்ள அவன் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, பழைய திருச்சபை வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கே கால் நூற்றாண்டு தலைவராயிருந்து 1861இல் மறைந்த பொன்னான் என்ற பிரெஞ்சுக்காரரை அந்நூல் 'துருசிப்பாரா ஆயர்' என்று குறித்திருந்தது. துருசிப்பாரா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நண்பனுக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தால், அது இன்றைய துருக்கியின் ஐரோப்பியப் பகுதியில் என்றோ மறைந்துபோன ஊர்! புதுச்சேரியில் வாழ்ந்தவருக்குத் துருக்கியில் ஊர் எதற்கு? அந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் நன்கு வேரூன்றிய பகுதி மறைமாவட்டம் எனப்படும். அதன் ஆயர் தம் சொந்தப் பதவியின் உரிமையால் ஆள்கிறார். சமயம் புதிதாகப் பரவும் இடங்களுக்கு அந்நிலை உடனே கிடைப்பதில்லை. முதலில் தனி மறைபரப்புத் தளம், அடுத்து அப்போஸ்தலிக்கப் பிரிபெக்சர், அதற்கும் மேலே அப்போஸ்தலிக்க விகாரியேட் என்று படிகள் உண்டு. எல்லாப் படிகளையும் ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மங்கோலியா 1992இல் முதற்படியிலும் 2002இல் இரண்டாம் படியிலும் வைக்கப்பட்டது. புதுச்சேரியோ 1836இல் விகாரியேட் ஆயிற்று.

பேரூராட்சி நகராட்சியாவது போன்றதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. இப்பகுதிகளின் தலைவர்கள் போப்பாண்டவரின் பெயரால்தான் ஆள்கிறார்கள். அரசுக் கல்லூரியில் படிப்பவர்களுக்குப் 'பொறுப்பு முதல்வர்' என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வேலை முழுவதும் அவருடையது. நாற்காலி மட்டும் அவருடையதன்று!

பிரிபெக்ட் பெரும்பாலும் குருவாகவே இருப்பார். விகார் பெரும்பாலும் ஆயர் பட்டம் பெற்றவர். ஆயர் என்றால் ஏதேனும் ஓர் ஊரின் பெயரால்தான் ஆயராக வேண்டும் என்பது தொன்மையான மரபு. அவர் ஆளும் பகுதியோ இன்னும் மறைமாவட்டமாகவில்லை. ஆகவே மறைந்துபோன ஊர் ஒன்றின் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது.

இந்தியாவில் இதற்குள் அரசியலும் இருந்தது. கீழைநாடுகளில் ஆயர்களை முன்மொழியும் உரிமை போர்ச்சுகல் மன்னருக்குப் பழங்காலத்திலேயே வழங்கப்பட்டிருந்தது. மறைபரப்புப் பணியைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பிய உரோமை, 1622இல் அதற்கென ஒரு பேராயத்தை நிறுவியது. புது மறைமாவட்டம் என்றால் மன்னர் உரிமை கோருவார். விகாரை அனுப்பினால் அவர் போப்பின் பதிலாள் என்று சொல்லிவிடலாம். நல்ல தந்திரம்தான். ஆனால் சென்னை 1832இல் விகாரியேட் ஆனபோது, பக்கத்திலேயே 1606 முதல் போர்ச்சுகல் உரிமையிலிருந்த மயிலாப்பூர் மறைமாவட்டம் இருந்தது. 1838இல் உரோமை அதன் அதிகாரத்தை விகார்களுக்கு மாற்றியபோது, போர்ச்சுகல் தரப்புக் குருக்கள் பணிய மறுத்தனர். எந்தக் குருவின் சொல்லைக் கேட்பது என்று மக்கள் இரண்டுபட்டனர். மேலே நடந்த வழக்கில் கீழே இருந்தவர்கள் பட்ட பாடு அது.

1886 ஜூனில் போர்ச்சுகலுடன் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் பதின்மூன்றாம் லியோ இந்தியாவில் முறையான மறைமாவட்டங்களை அமைத்தார். புதுச்சேரி உயர் மறைமாவட்டமாயிற்று. 1868 முதல் அங்கே விகாராயிருந்த லவுவெனான் என்பவரே பேராயரானார். அதே மனிதர், அதே ஊர், அதே குருக்கள். முன்பு பிறர் பெயரால் செய்ததை இனித் தம் பெயரால் செய்யலாம். மதுரை விகாரியேட் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டமாயிற்று. அங்கும் விகாரான கனோஸ் என்ற பிரெஞ்சுக்காரரே ஆயர்.

ஊர் கிடைத்துவிட்டது, ஊர்க்காரர் வரவில்லை. 1923இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து தூத்துக்குடி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோதுதான் திபூர்சியுஸ் ரோச் என்ற தமிழர் அதன் ஆயரானார். இடையில் முப்பத்தேழு ஆண்டுகள்! எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் என் தாத்தா காலத்திலேயே இருந்தது. நூலை மூடிவைத்த பிறகும் அந்த முப்பத்தேழு ஆண்டுகளைப் பற்றித்தான் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தேன்.