மருந்து எங்கே போனது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் முலாம் பட்டறைகளை எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம். தொட்டி நிறையக் கரைசல், உள்ளே தொங்கும் தகடுகள். மின்சாரம் பாய்ந்ததும் ஓர் உலோகம் கரைந்து இன்னொன்றின்மேல் படியும். புற்றுநோய்க்கு உலோக மருந்து வந்த கதையும் ஏறக்குறைய இப்படியொரு தொட்டியில்தான் தொடங்கியது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்யும் என்று பார்க்கக் கிளம்பினார். மின்முனைக்கு பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார். அது கரையாது என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பியது. பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின, 300 மடங்கு வரை. காரணம் மின்சாரமல்ல, தகட்டிலிருந்து கசிந்த பிளாட்டினம். 1965இல் இதை வெளியிட்டார். செல் பிரிவதைத் தடுக்கும் பொருளென்றால் புற்றுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே! 1978இல் சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினச் சேர்மம் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

பலரைப் பிழைக்கவைத்த மருந்துதான். ஆனால் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும். உடலுக்குள் போனபின் எங்கே தங்கியது என்று தானாகக் காட்டிக்கொள்ளவும் செய்யாது.

அதற்காகத்தான் ஒளிரும் உலோகங்கள். பற்பம், செந்தூரம் கண்ட நாட்டுக்கு உலோக மருந்து புதிதா என்று தோன்றலாம். இது வேறு. ருத்தேனியம், இரிடியம், ரீனியம் போன்றவற்றின் ஓர் அணுவைச் சுற்றிக் கரிம மூலக்கூறுகளைக் கட்டி நிறுத்துகிறார்கள். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின்கீழ் ரூபாய் நோட்டின் எண்கள் மின்னுமே, அதுபோல இச்சேர்மங்கள் ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும். மருந்து செல்லின் கருவில் இருக்கிறதா, மைட்டோகாண்டிரியாவிலா என்று நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வாங்கிய ஆற்றலைச் சில சேர்மங்கள் அருகிலுள்ள ஆக்சிஜனுக்கும் கைமாற்றும். வெறிபிடித்த அந்த ஆக்சிஜன் செல்லைச் சிதைக்கும். விளக்கு படாத இடத்தில் பாதிப்பு குறைவு.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் வேலூரில், விஐடி பல்கலைக்கழகத்தின் பிரியங்கர் பைரா குழு இத்தகைய சேர்மங்களை உருவாக்கிப் புற்றுச்செல்களில் சோதித்துவருகிறது. ஆய்வகத் தட்டில் செல் சாவது வேறு, நோயாளி குணமாவது வேறு. இடையே பல ஆண்டுகள் உண்டு. அந்தத் தூரத்தில் கொஞ்சம் நடந்திருப்பது கனடாவின் டிஎல்டி1433 என்ற ருத்தேனியச் சேர்மம். சிறுநீர்ப்பைக்குள் அதைச் செலுத்தி, ஒளியிழை வழியே பச்சை லேசரைப் பாய்ச்சும் சோதனை டொரான்டோவில் 2017இல் மனிதர்களிடம் தொடங்கியது.

சிறுநீர்ப்பையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இருட்டில் கைபேசி டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். மறுபுறம் சிவப்பு மட்டுமே கசியும். பச்சையும் நீலமும் சதைக்குள்ளேயே அடங்கிவிடும். சிறுநீர்ப்பைச் சுவரின் உட்பரப்பில் இருக்கும் புற்றுக்குப் பச்சை ஒளியே போதும். கல்லீரலின் ஆழத்தில் இருப்பதற்குப் போதாது. சிவப்பொளியிலேயே விழித்துக்கொள்ளும் உலோகச் சேர்மங்களை வேதியியலாளர்கள் இப்போது தேடிக்கொண்டிருப்பது அதனால்தான்.