எழுதாத ஒரு வார்த்தை!

வீடு கட்டுகிறோம். மேஸ்திரியிடம் இவ்வளவு தொகை என்று பேசி முடிக்கிறோம். சுவர் எழும்புகிறது. கூரையும் போட்டாகிவிட்டது.

"மாடிப் படி எங்கே?" என்று கேட்கிறார், வீட்டுக்காரர்.

"அதை நாம் பேசவே இல்லையே, ஐயா!" என்கிறார், மேஸ்திரி.

அவ்வளவுதான். சண்டை, வக்கீல், கோர்ட்டு, வாய்தா!

சாதாரண மனிதர்களுக்குத்தான் இப்படி நேரும் என்று எண்ண வேண்டாம். இரண்டு சர்க்கார்களுக்கே நேர்ந்தது.

தேனி மாவட்டத்தில் உள்ள பண்ணைப்புரத்துக்குப் பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் வருகிறது. அது மலைக்கு மேலே இருக்கும் பெரியாறு அணையின் தண்ணீர். அந்த அணையின் பத்திரத்தில்தான் வம்பு வந்தது!

999 வருடம்

1886-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி அந்தப் பத்திரம் எழுதப்பட்டது. திருவிதாங்கூர் மகாராஜா நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார். ஆங்கிலேய சர்க்கார் வாங்கியது.

நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் ரூபாய். குத்தகைக் காலம் 999 வருடம்!

பென்னிகுவிக் என்ற என்ஜினீயர் அணையைக் கட்டினார். 1895-ல் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்க வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது. வயல்கள் விளைந்தன.

மின்சாரம் வந்தது, சண்டையும் வந்தது

பிறகு மின்சாரக் காலம் பிறந்தது. "உயரத்தில் இருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமே!" என்று சென்னை சர்க்கார் நினைத்தது.

"கூடாது. பாசனத்துக்குத்தான் தண்ணீர் கொடுத்தோம்" என்றது, திருவிதாங்கூர்.

"குத்தகைக்கு எடுத்த தண்ணீரை எப்படிப் பயன்படுத்தினால் என்ன?" என்று கேட்டது, சென்னை.

பத்திரத்தைப் புரட்டினார்கள். பாசன வேலை என்று இருந்தது. மின்சாரம் என்ற பேச்சே இல்லை. 1886-ல் மின்சார விளக்கே நம் நாட்டில் அபூர்வம். யார் அதை நினைத்திருப்பார்கள்?

ஆனால் தகராறு வந்தால் என்ன செய்வது என்று மட்டும் பத்திரத்தில் எழுதி இருந்தார்கள். ஆளுக்கு ஒரு மத்தியஸ்தர். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால், அவர்களுக்கு மேலே ஒரு நடுவர்.

மத்தியஸ்தர்கள் ஒத்துப்போகவில்லை. வழக்கு நடுவரிடம் போயிற்று. அவர் கல்கத்தா ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்த சாட்டர்ஜி.

1941-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. "தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே!" சென்னை தோற்றது.

முடித்தது எது?

தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால், மின்சாரம் வரவில்லை. அதற்குப் பேச்சுவார்த்தைதான் வழி திறந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இரு ராஜ்யங்களும் பேசின. மலையடிவாரத்தில் லோயர் கேம்பில் மின்சார நிலையம் எழுந்தது. 1970-ம் ஆண்டு மே 29-ந் தேதி முறையான ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ரூபாய் ஆயிற்று. மின்சாரத்துக்குத் தனிப் பணம். அணையில் மீன்பிடிக்கும் உரிமை கேரளாவுக்கு. இருவருக்கும் லாபம்!

அணையின் நீர்மட்டம் பற்றிய வழக்கு வேறு. அதில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 1886-ம் ஆண்டுப் பத்திரம் செல்லும் என்றும் சொன்னது.

நமக்கு என்ன பாடம்?

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். சட்டம் அதை ஏற்கிறது. ஆனால், பேசியதை நிரூபிக்க வேண்டுமே!

ஆகவே, ஒரு தாளிலாவது எழுதுங்கள். என்னென்ன வேலை? சாமான் யாருடையது? பணம் எப்போது? கெடு எந்தத் தேதி? கூடுதல் வேலைக்கு என்ன கூலி? தகராறு வந்தால் யார் சொல்வதைக் கேட்பது? எல்லாவற்றையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அப்படியும் சண்டை வந்துவிட்டதா? செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட, பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. கோர்ட்டுக்குப் போன பிறகும் லோக் அதாலத்தில் சமாதானம் பேசலாம். அங்கே முடிந்தால், கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அப்பீலும் கிடையாது.

மகாராஜாவின் பத்திரத்திலேயே ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று. நம் வீட்டு மாடிப் படியை மறக்காமல் எழுதுவோம்!