கடைவீதிக்கு வழி எது?

மக்காவில் வணிகராக வாழ்ந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், உடைமைகளைத் துறந்து மதீனா வந்து சேர்ந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை மதீனாவாசியான ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கி வைத்தார்கள். தம் செல்வத்தில் சரிபாதியை ஏற்குமாறு ஸஅத் வேண்டினார்கள். அப்துர் ரஹ்மானோ அவரை வாழ்த்திவிட்டு, கடைவீதிக்கு வழி எது என்று மட்டுமே கேட்டார்கள். அங்கு நெய்யும் உலர்ந்த தயிர்க்கட்டியும் விற்றுத் தம் காலில் நின்றார்கள்.

ஸஅத் அவர்களின் வள்ளன்மையை மிம்பரில் நின்று பலமுறை புகழ்ந்திருக்கின்றேன். வந்தவருக்கு வழி காட்டியதும் உதவியே என்று ஒருநாளும் சொன்னதில்லை. கீழ் கோத்தகிரிக்குச் சென்றபோதுதான் அது உள்ளத்தில் உறைத்தது.

அவ்வூர்ச் சாலையில் முதியவர் ஒருவருடன் உரையாட நேர்ந்தது. இலங்கையின் தேயிலை மலையில் பிறந்தவர். அங்குள்ள தோட்டத் தமிழர்களுள் மிகப் பலரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைத் தலை எண்ணிப் பங்கிட்ட கணக்கு! தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களுள் பலர், கைபழகிய தொழில் கொழுந்து பறிப்பதே என்பதால் நீலகிரியை நாடினர். அவர்களுக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அங்கு இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களிலும் காய்கறி நிலங்களிலும் கூலிகளாயினர்.

“அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள்; இங்கே சிலோன்காரன் என்கிறார்கள்” என்றார் முதியவர். இம்மண்ணில் அரை நூற்றாண்டு உழைத்த பின்னரும் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. கழகம் தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைப்பதென 2022இல் முடிவானபோது, ஓய்வுபெற்ற பின் குடியிருக்க வீடேது என்ற கவலையும் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிக்கொண்டது.

அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். அதனால் என்ன? கி.பி. 615இல் மக்காவின் கொடுமைக்கு அஞ்சி ஓடிய முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்த அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி அன்று கிறித்தவரே. அவரிடம் நம்மவர் பட்ட கடன் இது.

நம்முள் தோட்டம் வைத்திருப்போர் உண்டு. மளிகை நடத்துவோர் உண்டு. அலுவலகங்களில் பணிபுரிவோரும் உண்டு. வேலையாளின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). கடன் கணக்கைக் காட்டி ஏழையை ஆண்டுக்கணக்கில் கட்டிவைப்பவர், ரமலானில் அரிசிப் பை வழங்கி அதை ஈடுசெய்துவிட இயலாது. சொல்லத் தயக்கம்தான், ஆயினும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதியவர் என்னிடம் பணம் கேட்கவில்லை. பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மண்டபத்தில் தந்த குடும்ப அட்டையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார். விண்ணப்பம் எழுதவும், கோத்தகிரி வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்த மேசைக்குச் செல்வதென்று சொல்லவும் ஓர் ஆள் தேவை. ஜும்ஆவுக்குப் பின் இதை எடுத்துரைத்தேன். திங்கட்கிழமை காலை அவருடன் செல்ல இளைஞர் இருவர் இசைந்திருக்கின்றனர்.