அலைச்சறுக்கும் உடலறிவும்



ஆண்டுதோறும் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அக்காலத்தில் நமது கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். மீனவர் பலர் படகுகளைக் கரையேற்றி விடுவர். ஆனால், பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரையிலோ, இளைஞர்கள் நீண்ட பலகைகளைச் சுமந்துகொண்டு கடலை நோக்கிச் செல்வதைக் காணலாம். பலகைமேல் நின்று, அலையோடு சறுக்கி வரும் இவ்விளையாட்டே அலைச்சறுக்கு. ஹவாய்த் தீவு மக்களிடையே பன்னூறு ஆண்டுகளாக வழங்கி வந்த இது, 2021-ஆம் ஆண்டு ஜப்பானில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது.

பள்ளி விடுமுறையில் கடற்கரைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் இதில் ஆசை பிறக்கிறது. உடம்பில் பலம் இருந்தால் போதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது சரியன்று. பலசாலி விழுவதும், மெலிந்த சிறுமி நிற்பதும் அலைமேல் சாதாரணக் காட்சி. இதற்குக் காரணம் என்ன?

நாம் சாயாமல் நிற்க மூன்று உறுப்புகள் துணை செய்கின்றன. முதலாவது, கண். இரண்டாவது, உட்காது. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் இருக்கும் நீர், தலை திரும்புவதை மூளைக்குத் தெரிவிக்கிறது. மூன்றாவது, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே தெரிகிறதல்லவா? அதுதான் உடலறிவு. பழகப் பழக அது கூர்மையாகும்.

இது நமக்குப் புதியதன்று. காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேடு பள்ளத்தில் ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்த நம் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் முழங்காலை விறைத்து வைக்கவில்லை. வாளியைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்தார்கள். அலைமேலும் இதே விதிதான்.

தொடக்கப் பயிற்சியைத் தரையிலேயே செய்யலாம். மணலில் பலகையளவு கோடு கிழித்துக் குப்புறப் படுங்கள். விலாவருகே உள்ளங்கைகளை ஊன்றி உடலை உயர்த்தி, இரு கால்களையும் ஒரே வீச்சில் அடியில் கொண்டு வந்து பக்கவாட்டில் நில்லுங்கள். முன்கால் பலகையின் நடுவே, பின்கால் வால்பக்கம். முழங்கால்களை மடக்குங்கள், இடுப்பை மட்டும் வளைத்துக் குனிவது பலரும் செய்யும் பிழை. அப்படிக் குனிந்தால் தலையின் பாரம் முன்னே போய் உடலைக் கவிழ்த்துவிடும்.

பார்வை காலடியில் இருக்கக் கூடாது. போக வேண்டிய திசையில் தலையைத் திருப்புங்கள். தோள் அதனைப் பின்தொடரும், இடுப்பு தோளைப் பின்தொடரும், பலகையும் திரும்பும். முன்காலில் பாரம் கூடினால் வேகம் கூடும். பின்காலில் கூடினால் வேகம் குறையும். மூச்சை அடக்கிக்கொண்டால் உடல் விறைக்கும். ஆதலால் சீராக மூச்சு விடுங்கள். தினமும் சில நிமிடம் ஒற்றைக்காலில் நின்று பழகுவதும் நல்லது. கண்ணை மூடி நின்றால், கண்ணின் துணை எவ்வளவு பெரிது என்பது உடனே விளங்கும்.

பெற்றோர்களே, ஒன்றை மறவாதீர்கள். நீந்தத் தெரியாத பிள்ளை பலகையைத் தொடவே கூடாது. சிவப்புக் கொடி பறக்கும் நாளில் எவரும் இறங்கக் கூடாது. பயிற்றுநர் அருகிருக்க, சிறிய அலையில் தொடங்க வேண்டும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் உடலைப் பரப்பி விழ வேண்டும். மேலே வரும்போது கைகளால் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும், பலகை தாக்கக்கூடும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகி, பிறகு கரை சேர வேண்டும். பலகை இருந்தால் அதைவிடாமல் பற்றிக்கொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

கடலை எவரும் பலத்தால் வெல்ல முடியாது. தன் உடல் எங்கே நிற்கிறது, எப்பக்கம் சாய்கிறது என்பதை அறிந்தவனே அலைமேல் நிற்பான். இன்று இறங்கலாமா, கூடாதா என்று நிதானிப்பதும் அவ்வறிவின் ஒரு பகுதியே. அதை நம் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்போம்.