வீடு ஏறிவிட்டது, உடம்பு ஏறவில்லை

மாலை நான்கு மணி. சர்ச்சு சமவெளியில் வீசும் காற்று வேனையே ஆட்டுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 4,290 மீட்டர். பின்னால் நான்கு படுக்கைகள், காஸ் அடுப்பு, குடம் குடமாகத் தண்ணீர், டெல்லியிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த புளிக்காய்ச்சல். வீடே கூட வந்திருக்கும்போது இருட்டிய இடத்தில் தூங்கலாம் என்பதுதானே மோட்டார்ஹோமின் பெருமை?

"இங்கே தூங்க வேண்டாம் சாப்" என்கிறார் டிரைவர். அவர் லாஹௌல்காரர். ஜன்னலில் சாய்ந்திருந்த 15 வயது மகள், "மண்டை இடிக்குதுப்பா" என்கிறாள். அரை மணி நேரமாக அவள் பேசவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைக்கிறது.

கேரவன் என்றால் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்பும் நட்சத்திரங்களும்தான். அது இப்போது மெல்லக் குடும்பங்களின் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. கேரளம் 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. சமவெளியில் இது சுகமான ஏற்பாடு: ஓட்டல் தேட வேண்டாம், பெட்டியைத் தூக்க வேண்டாம், பையனுக்குத் தயிர் சாதம் தயார். வாடகைக்குக் கொடுத்தவர் படுக்கையை மடிப்பது முதல் கழிவுநீரைக் கொட்டுவது வரை ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். உயரத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கியதே போதும் என்று நினைத்துக் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயை ஒரு சினிமாப் பாட்டு முடிவதற்கு முன்போ பின்போ கடக்க வைத்துவிடுகிறது. மணாலி-லே தூரத்தில் 46 கி.மீ. மிச்சம். முன்பெல்லாம் ரோதாங்கின் சேற்றிலும் நெரிசலிலும் பாதி நாள் போய்விடும். அலுத்துப்போய்க் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரவு தங்குவார்கள். இரண்டுமே 3,000 மீட்டரைச் சற்றுத் தாண்டிய ஊர்கள். அந்தத் தாமதம்தான் உடம்புக்கு மருந்தாக இருந்திருக்கிறது. இப்போது சாலை அவகாசம் தருவதில்லை. ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறியிருந்தோம்.

சர்ச்சுவின் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. மனைவி டீ போட்டபோதே அதற்கு அடையாளம் தெரிந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் டீ நாக்கைச் சுடவில்லை. அந்த உயரத்தில் 86 டிகிரி வாக்கிலேயே தண்ணீர் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்கிறது மலை மருத்துவம். பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவில் இறங்கிப் படுப்பது நல்லது. தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ அசதியோ சேர்ந்தால் அது மலைநோய் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஏறக் கூடாது. முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், உயிரே போகலாம். டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை உண்டு. ஆனால் முற்றிய நோய்க்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான்.

சர்ச்சுவிலிருந்து இறங்குவது எப்படி? இந்த இடத்தின் வில்லங்கமே இதில்தான் இருக்கிறது. முன்னே போனால் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், அதற்கப்பால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. பின்னே போனால் சுமார் 4,890 மீட்டர் உயர பாரலாச்சா லா. எந்தப் பக்கம் தப்பிப்பதாக இருந்தாலும் முதலில் ஏறியாக வேண்டும். நள்ளிரவில் நோய் முற்றிய பிறகு இந்தக் கணக்கைப் போடுவதைவிட வெளிச்சம் இருக்கும்போதே போட்டுவிடலாம் என்றார் டிரைவர். காலையில் பார்க்கலாம் என்று நான் இழுத்தேன். மகள் வாந்தி எடுத்தாள். விவாதம் முடிந்தது.

வேன் திரும்பியது. மாலை நேரம் அந்தப் பாதைக்கு உகந்ததல்ல. பகல் வெயிலில் உருகிய பனிநீர் பிற்பகலில்தான் ஓடைகளில் பெருகி வரும். ஒரு ஓடையில் டிரைவர் இறங்கி, கல்லைப் போட்டு ஆழம் பார்த்துவிட்டு வந்தார். இறங்கி ஏறும்போது வேனின் நீண்ட பின்பகுதி கரையில் தேய்ந்து அலறியது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. கணவாயின் உச்சியில் யாரும் போட்டோ எடுக்கவில்லை. மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பேர் சொல்லு, படிக்கிற கிளாஸ் சொல்லு" என்று மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள். பதில் சரியாக வரும்வரை மூளைக்கு ஆபத்தில்லை என்பது அவள் நம்பிக்கை. பையனுக்கு மட்டும் 21 வளைவுகளைப் பார்க்காமல் திரும்பிய கோபம்.

ஜிஸ்பா வந்தபோது இருட்டிவிட்டது. குளிருக்குப் பயந்து அடுப்பை எரியவிட்டு ஜன்னல்களை மூடப் போனேன். டிரைவர் ஓடி வந்து அணைத்தார். மூடிய வண்டிக்குள் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனை கிடையாது. மலைநோயைப் போலவே தலைவலியில்தான் அதுவும் தொடங்குகிறது. அன்றிரவு கம்பளிதான் துணை.

லேவுக்கு வீட்டோடு போக நினைப்பவர்கள் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவது மேல். அந்தப் பாதையிலும் 4,108 மீட்டர் உயர ஃபோட்டு லா உண்டு. ஆனால் அதைப் பகலில் கடந்துவிடலாம். இரவு தங்கும் கார்கில் 2,676 மீட்டரில்தான் இருக்கிறது. 3,500 மீட்டர் உயரமுள்ள லேவில் சில நாட்கள் இருந்து பழகிய உடம்பு, திரும்பும் வழியில் சர்ச்சுவை ஓரளவு தாங்கும். நாங்கள் இதையெல்லாம் படித்தது ஜிஸ்பாவில், பாகா நதிக்கரையில், லே போகும் ஆசையை விட்ட பிறகு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல் மகள் எழுந்தாள். தலைவலி இருக்கிறதா என்று கேட்டோம். "பசிக்குதும்மா" என்றாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது.