மண்ணுக்குள் கிடைத்த குட்டி டப்பி: தாத்தா காலத்து ‘மவுத் ஃப்ரெஷ்னரா’? கண்டுபிடிப்பது எப்படி?

தென்காசிப் பக்கம் சொந்தத் தோட்டத்தில் மெட்டல் டிடெக்டர் ‘பீப்’ அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளறினால் துருப்பிடித்த குட்டித் தகர டப்பி. குப்பை என்று தூக்கிப் போட்டுடாதீங்க. அது அந்தக் காலத்து வாய் வாசனை மாத்திரை டப்பியாக இருக்கலாம்.

உள்ளே என்ன இருந்தது?

வாய் மணக்க நம்மூரில் வெற்றிலை, ஏலக்காய், கிராம்பு. டப்பிக்குள் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தால், அது சுண்ணாம்பு வைக்கும் கரண்டகமாக இருக்கலாம்.

மேலைநாட்டினருக்கு மாத்திரைகள். அமெரிக்காவின் ராசெஸ்டரில் பிறந்த ‘சென்-சென்’ 2013 வரை விற்பனையில் இருந்தது. பிரான்சின் துலூஸ் நகர மருந்தாளுநர் லியோன் லஜோனி 1880-இல் உருவாக்கிய ‘கஷோ லஜோனி’ வட்டமான மஞ்சள் டப்பியில் வந்தது. ‘கஷோ’ என்றால் வேறொன்றுமில்லை, வெற்றிலையோடு போடும் நம்ம காசுக்கட்டிதான்! குற்றாலத்துக்கு ஓய்வெடுக்க வந்த வெள்ளைக்காரர்கள் இப்படி ஒன்றைத் தவறவிட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

வயதை எப்படிக் கணிப்பது?

எழுத்துகள்தான் சாட்சி.

* விலை அணாவில் இருந்தால், பெரும்பாலும் 1957-க்கு முந்தையது. ‘நயா பைசா’ என்றால் 1957 முதல் 1964 வரையிலான காலம்.
* முகவரியில் மாநிலத்தின் பெயர் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால், 1969-க்கு முந்தையதாக இருக்கலாம்.
* பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது.
* தகரத்தின் மேல் ஆஃப்செட் முறையில் அச்சிட இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1875-இல். அதற்கு முன் பெரும்பாலும் காகித லேபிள்தான்.

காந்தம் ஒட்டினால் தகரம். ஒட்டாவிட்டால் பித்தளையோ அலுமினியமோ.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் கவனம் தேவை. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். வரலாற்று மதிப்புள்ள பொருள் 100 ஆண்டுகளைக் கடந்துவிட்டால், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ‘தொல்பொருள்’ ஆகிவிடும். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் வளாகத்தில் அனுமதியின்றித் தோண்டவே கூடாது.

கிடைத்தால் என்ன செய்யணும்?

எடுத்த இடத்தோடு சேர்த்து போட்டோ எடுங்க. ஆழம், தேதியைக் குறிச்சு வைங்க. விவரம் கேட்க குற்றாலத்திலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. ஒன்று மட்டும் வேண்டாம்: பளபளன்னு ஆக்குறேன்னு புளி போட்டுத் தேய்க்காதீங்க. துருவோடு சேர்ந்து எழுத்தும் போயிடும். அதன் வயதைச் சொல்லும் சாட்சியும் போயிடும்.